42-க்கு எத்தனை? மலக்குடல் அறுவைக்குப் பிறகு கேட்கப்படும் ஐந்து கேள்விகள்

அரைப் பக்கக் கேள்வித்தாள் ஒன்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று அல்லது நான்கு விடைகள், ஒவ்வொரு விடைக்கும் ஒரு மதிப்பெண். எல்லாவற்றையும் கூட்டினால் அதிகபட்சம் 42 வரும். மலக்குடலில் புற்றுநோய் வந்து, அந்தப் பகுதியை வெட்டியெடுத்து, மிச்சக் குடலைக் கீழே இறக்கி ஆசனவாய்ப் பக்கம் இணைத்துக்கொண்டவர்களுக்கு அதன்பின் வயிறு எப்படி நடந்துகொள்கிறது என்று அளக்கும் தாள் இது. 0 முதல் 20 வரை வந்தால் பிரச்சினை இல்லை. 21 முதல் 29 வரை லேசானது. 30-ம் அதற்கு மேலும் கடுமையானது. டென்மார்க்கைச் சேர்ந்த எம்மெர்ட்சென், லௌர்பெர்க் இருவரும் 2012-இல் 'அன்னல்ஸ் ஆஃப் சர்ஜரி' இதழில் இதை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு இந்தத் தொல்லையைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வுகளைப் புரட்டினால், திரும்பின பக்கமெல்லாம் இந்த எண்தான்.

தொல்லைக்குப் பெயர் 'லோ ஆன்டீரியர் ரிசெக்‌ஷன் சிண்ட்ரோம்'. சுருக்கமாக லார்ஸ். டென்மார்க்கில் லார்ஸ் என்பது நம் ஊர் சுப்பிரமணி மாதிரி, தெருவுக்கு நாலு பேர் இருக்கும் ஆண் பெயர். அங்கே யாராவது சிரித்தார்களா தெரியவில்லை.

கேள்வித்தாளுக்கெல்லாம் விமர்சனமா என்று கேட்கலாம். கேள்வித்தாளும் ஒருவர் இன்னொருவரை மனதில் வைத்து எழுதிய பிரதிதான். நாவலைப் பிடிக்கவில்லை என்றால் மூடி வைத்துவிடலாம். இந்தத் தாளில் 20 வாங்கினவருக்கு 'நீங்க நல்லா இருக்கீங்க' என்ற பதில் கிடைக்கும், அதோடு மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதனால் இதை ஒரு நாவலைவிடக் கவனமாகவே வாசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் இந்தத் தொல்லை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசி 12 முதல் 15 செ.மீ. நீளம். வெறும் குழாய் இல்லை, வருவதை வாங்கி விரிந்து கொடுத்துத் தேக்கி வைக்கிற இடம். சூலூர்க்காரர்களுக்குக் குளத்தை வைத்துச் சொன்னால் உடனே புரியும். நொய்யலில் தண்ணீர் வருகிறபோது வாய்க்கால் வழியாக வந்து குளத்தில் நிற்கிறது. வேண்டும்போது மதகைத் திறக்கிறோம். குளத்தைத் தூர்த்துவிட்டு வாய்க்காலைக் கொண்டுபோய் நேராக மதகிலேயே சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? மதகு பழுதில்லாமல் இருந்தாலும், வருகிற தண்ணீரெல்லாம் வந்த வேகத்தில் மதகில் முட்டும். லார்ஸின் பாதிக் கதை இதுதான்.

மீதிக் கதை கொஞ்சம் நுட்பமானது. கீழே வந்து நிற்பது காற்றா, நீரா, திடமா என்று பிரித்துச் சொல்லும் உணர்வு நமக்கு உண்டு. மலக்குடல் கொஞ்சம் நிரம்பியதும் ஆசனவாயின் உள்தசை ஒரு கணம் தளரும். அங்கிருக்கும் மெல்லிய தோல் வந்திருப்பதைத் தொட்டுப் பார்த்துச் செய்தி அனுப்பும், பிறகு தசை மூடிக்கொள்ளும். நமக்குத் தெரியாமலே ஒரு நாளில் பல தடவை நடக்கிற காரியம். அறுவையில் இந்த ஏற்பாடும் குலைகிறது. இணைப்பு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு கூடுதலாகக் குலைகிறது. அறுவைக்கு முன்போ பின்போ கதிர்வீச்சு கொடுத்திருந்தால் (நம் பக்கம் 'கரண்ட் வைக்கறது' என்பார்கள்) இன்னும் மோசம். இணைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டு ஆறியிருந்தாலும் அப்படித்தான். முதல் ஒன்றிரண்டு வருடங்களில் படிப்படியாகக் கொஞ்சம் சரியாகும். அதன்பின் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், இந்த அறுவை செய்துகொண்டவர்களில் சுமார் பத்துக்கு நான்கு பேருக்குக் கடுமையான லார்ஸ் இருக்கிறது என்கிறார்கள்.

இது தோல்வியின் விளைவில்லை, அறுவை சிகிச்சை ஜெயித்ததன் விளைவு. 1908-இல் லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் விவரித்த அறுவையில் மலக்குடலோடு ஆசனவாயும் போய்விடும். ஆயுசுக்கும் வயிற்றில் பைதான். 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கிளாட் டிக்ஸன், மேல்பகுதிக் கட்டிகளுக்கு வெட்டிய குடலைத் திரும்ப இணைக்கலாம் என்று தன் நோயாளிகளை வைத்துக் காட்டினார். 1970-களில் குடலை வட்டமாகத் தைக்கும் ஸ்டேப்ளர் வந்தது. 1982-இல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கிலிருந்து பில் ஹீல்ட், மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்புறையையும் கிழியாமல் முழுசாக எடுக்க வேண்டும் என்று எழுதினார். அந்த முறை பரவியபின் நோய் அதே இடத்தில் திரும்ப வருவது வெகுவாகக் குறைந்தது. ஒவ்வொரு படியிலும் இணைப்பு கீழே கீழே இறங்கியது. பை இல்லாமல் வீடு திரும்பியவர்கள் கூடினார்கள். மலக்குடல் இல்லாமல், ஆனால் ஆசனவாயோடு வாழ்கிற ஒரு புது மக்கள்கூட்டமே உருவானது.

தமிழ்நாட்டின் புற்றுநோய் மருத்துவ வரலாற்றுக்கும் மலக்குடலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1923-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை இறந்தது மலக்குடல் புற்றுநோயால். முதலில் அதைச் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று முத்துலட்சுமி பிடிவாதமாக நின்றதற்குப் பின்னால் அந்தச் சாவு இருந்தது. 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் நிலையம் திறந்தது. அன்றைக்கு ஆள் பிழைத்தால் போதும் என்பதுதான் கேள்வி. பிழைத்த ஆள் பஸ் ஏற முடிகிறதா என்று கேட்கும் இடத்துக்கு நாம் வந்து சேர்ந்ததே பெரிய விஷயம் என்பதை மறந்துவிட்டு இந்தத் தாளைக் குறை சொல்வது நியாயமாகாது.

இனி தாளுக்கு வருகிறேன்.

முதல் கேள்வி, காற்றுப் பிரிவதை அடக்க முடியாமல் போகிறதா என்பது. இல்லை என்றால் 0, வாரத்துக்கு ஒரு தடவைக்கும் குறைவு என்றால் 4, வாரம் ஒரு தடவையாவது என்றால் 7. இரண்டாவது, நீராக மலம் தன்னையறியாமல் கசிகிறதா. இல்லை என்றால் 0. உண்டு என்றால் எப்போதாவதானாலும் அடிக்கடியானாலும் 3. மூன்றாவது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை. ஒன்று முதல் மூன்று என்றால் 0, நான்கு முதல் ஏழு என்றால் 2, ஏழுக்கு மேல் 4, ஒரு நாளைக்கு ஒன்றுக்கும் குறைவு என்றால் 5. நான்காவது, போய்விட்டு வந்த ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருக்கிறதா. 0, 9, 11. ஐந்தாவது, ஓட வேண்டிய அளவுக்கு அவசரமாக வருகிறதா. 0, 11, 16.

முதல் வாசிப்பில் யாரும் ஒரு இடத்தில் திகைப்பார்கள். காற்றுக்கு 7, மலக் கசிவுக்கு வெறும் 3! துணி நனைவது காற்றுப் பிரிவதில் பாதிக் கஷ்டம்கூட இல்லையா? மதிப்பெண் எப்படிப் போட்டார்கள் என்று பார்த்தால் விஷயம் கொஞ்சம் விளங்குகிறது. டென்மார்க்கில் இந்த அறுவை முடிந்த 961 பேரிடம் குடல் பற்றிய கேள்விகளோடு, 'மொத்தத்தில் இது உங்கள் வாழ்க்கைத் தரத்தை எவ்வளவு பாதிக்கிறது' என்பதையும் கேட்டார்கள். எந்தெந்த அறிகுறி இருப்பவர்கள் 'நிறையப் பாதிக்கிறது' என்று சொல்கிறார்களோ அந்த அறிகுறிக்குக் கூடுதல் எடை கொடுத்தார்கள். கசிவு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் அவசரமும் இருக்கும். இரண்டும் சேர்ந்தே வரும்போது கணக்கில் எடை ஒன்றின் பக்கம் சாய்ந்துவிடும். கசிவின் பங்கு அவசரத்தின் 16-க்குள் போயிருக்கலாம் என்பது என் ஊகம்.

அதாவது இந்த எண்களில் இருப்பது குடலின் கோளாறு மட்டுமில்லை. கோளாறு இருந்தும் வேலைக்குப் போய், ரயிலேறி, கடைகண்ணிக்குப் போய் வாழ முயல்கிற டேனிஷ்காரரின் எரிச்சலும் சேர்ந்திருக்கிறது. அவசரத்துக்கு 16 கிடைத்தது, அவசரம் வந்து அவர்களை ரோட்டில் நிறுத்தியதால்தான். ரோட்டுக்கே வராத ஆளிடம் இந்தத் தாள் என்ன செய்யும்?

சோதித்துப் பார்க்க எனக்கு ஒரு ஆள் கிடைத்தார். உறவில் மாமா. சூலூரை ஒட்டி ஒரு ஊரில் எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறார். நாலு வருஷத்துக்கு முன் அறுவை. அதற்கு முன்னால் கரண்டும் வைத்தார்கள். சில மாதம் வயிற்றில் பை இருந்து, பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். நோய் திரும்ப வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தறி நின்றிருந்த நேரத்தில் தாளைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். இங்கே எழுதுவது அவர் சம்மதத்தோடு.

"ஏன் கண்ணு, பத்தாங்கிளாஸ் பரீட்சையா?" என்றுதான் ஆரம்பித்தார்.

காற்று? "தறி ஓடற எரைச்சல்ல இடி உழுந்தாலே கேக்காது, காத்து என்ன" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "காத்துன்னு நம்பி உட முடியாது கண்ணு. காத்தா வேறயான்னு எனக்கே தெரியறதில்ல" என்றார். 7 போட்டேன். மேலே சொன்ன தொட்டுப் பார்க்கும் ஏற்பாடு குலைவதை எந்தப் பாடநூலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

கசிவு? "அதெல்லாம் இல்ல. துணி வெச்சுக்கறனே." விடை 'இல்லை', மதிப்பெண் 0. உள்ளேயிருந்து அத்தை குரல் வந்தது: "தொவைக்கறவகிட்டக் கேளு கண்ணு. அவருகிட்ட என்ன கேக்கறே." நான் மாமா சொன்னதைத்தான் குறித்துக்கொண்டேன். தாளை நிரப்ப வேண்டியது நோயாளிதானே.

எத்தனை தடவை? "நல்ல நாள்ல மூணு. கெட்ட நாள்ல எண்ணறதில்ல." எந்தப் பெட்டியில் போடுவது? நாலிலிருந்து ஏழுக்குள் என்று அவரே சமாதானமானார். 2. ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி? "போய்ட்டு வந்து காலு காயறதுக்குள்ள." 11.

கடைசிக் கேள்வி. "முட்டிக்கிட்டு வந்து ஓட வேண்டியிருக்குங்களா மாமா?"

"நான் எங்க கண்ணு போறேன், ஓடறதுக்கு? கக்கூசு பத்தடி."

0.

கூட்டிப் பார்த்தால் 20. தாளின்படி மாமாவுக்கு லார்ஸ் இல்லை. அத்தை சொன்னதைச் சேர்த்தால் 23, லேசானது. தறிக்கொட்டகையை விட்டு அவரை வெளியே இழுத்து ஒரு வாரம் ஊர் சுற்ற வைத்து, அப்புறம் ஐந்தாவது கேள்வியைக் கேட்டால் 39. குடல் ஒன்றுதான், நோயாளியும் ஒருவர்தான்.

20-க்கும் 39-க்கும் நடுவில் இருப்பது அவர் நாலு வருஷமாக வாழ்க்கையை வெட்டிச் சுருக்கிய கதை. சூலூரிலிருந்து கோயமுத்தூர் சுமார் 20 கிலோமீட்டர். திருச்சி ரோட்டில் ஒண்டிப்புதூர், சிங்காநல்லூர், ராமநாதபுரம், சுங்கம் என்று பஸ் நின்று நின்று போகும். டவுன் பஸ்ஸில் கழிப்பறை கிடையாது. நடுவில் எங்கே இறங்கி எந்தக் கதவைத் தட்டலாம் என்று மாமாவிடம் மனப்பாடமாக ஒரு வரைபடம் இருக்கிறது. அப்படியும் செக்கப்புக்குப் போவதென்றால் முந்தின நாள் மத்தியானத்தோடு சோற்றை நிறுத்திவிடுகிறார். கல்யாணத்துக்கு மொய் அத்தை கையில் போகிறது. பந்தியில் உட்கார்ந்து அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்டு எத்தனை நாளாச்சு என்று கேட்டால் கணக்குச் சொல்கிறார். எழவு வீட்டுக்கு மட்டும் போகிறார், அதுவும் நடந்து போகிற தூரத்துக்குள் இருந்தால். நம் பக்கம் மலம் கழிப்பதை 'வெளிய போறது' என்கிறோம். வெளிய போவதற்கு முதுகுத்தண்டில் பயம் வந்ததும் மாமா வெளியே போவதையே விட்டுவிட்டார்.

இதிலும் அவர் அதிர்ஷ்டசாலி என்றுதான் சொல்வேன். தறி சொந்தத் தறி. பாவு நூல் அறுந்தால் அறுந்தது என்று நிறுத்திவிட்டு நடக்கலாம். பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு வரும் ஆளுக்கு அது முடியாது. ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை எழுந்து போகிற ஆளை எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள்? அந்த ஆள் தாளை நிரப்பினால் 39 வாங்குவார், ஆனால் தாள் கையில் வரும்போது அவருக்கு வேலை இருக்காது. பெண்களின் நிலைமையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பஸ் ஸ்டாண்டில் ஆண்களுக்குத் திறந்திருக்கும் கதவுகள்கூட அவர்களுக்குப் பூட்டியிருக்கும். புடவையோடு ஓடுவது எப்படி என்று கேட்கும் தாள் எதுவும் என் கண்ணில் படவில்லை.

தாள் இன்னொரு பக்கமும் பிசகுகிறது. புற்றுநோயே வராத டேனிஷ் பொதுமக்களிடம் இதே ஐந்து கேள்விகளைக் கேட்டு 2019-இல் வெளியிட்டார்கள். 50 வயது தாண்டிய பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரும், ஆண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவரும் 'கடுமையானது' பெட்டிக்குள் விழுந்தார்கள். அறுவையே நடக்காதவர்களுக்கு அறுவைக்குப் பிந்தைய நோய்! உண்மையில் இது தாளின் அவமானம் இல்லை, வயதானால் குடல் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு அளவுகோல். ஆனால் 30 என்ற கோட்டைத் தெய்வவாக்காக எடுத்துக்கொள்ளும் கட்டுரைகளைப் படிக்கும்போது இந்தத் தகவலைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இன்னொரு குறையும் உண்டு. முழுசாகப் போன திருப்தி இல்லாமல், முக்கி முக்கி அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தத் தாளில் நேரடியாக ஒரு கேள்வியும் இல்லை. மூன்றாவது கேள்வியில் அந்த 5 மதிப்பெண் மட்டும் ஓரமாக நின்று அவரைப் பார்க்கிறது.

சரி, இவ்வளவு குறை சொல்லிவிட்டு, தாளை எழுதினவர்கள் பக்கமும் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் இந்த விஷயத்தில் ஆளாளுக்கு ஒரு அளவுகோல். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒப்பிட வழியில்லை. வாழ்க்கைத் தரத்தை அளக்கும் பெரிய கேள்வித்தாள்கள் நிரப்ப அரை மணி நேரம் கேட்கும். புறநோயாளிப் பிரிவில் நூறு பேர் நிற்கும்போது ஒரு டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடம். ஐந்து கேள்வி என்பதால்தான் இது பரவியது. நீளமாக, நுட்பமாக, யாரும் கேட்காமல் கிடந்திருப்பதைவிட, குட்டையாக இருந்து கேட்கப்பட்டது மேல். 'பை இல்லாம காப்பாத்திட்டோம்' என்பதோடு வாக்கியத்தை முடித்துக்கொண்டிருந்த அறுவை மருத்துவர்களை, 'அப்புறம்?' என்று கேட்க வைத்ததில் இந்த அரைப் பக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இது ஒரு கதவு தட்டும் கருவி. சிலர் இதை வீட்டுக்குள் இருப்பதையெல்லாம் கணக்கெடுக்கும் கருவியாக்கிவிட்டார்கள்.

2020-இல் வந்த சர்வதேச வரையறை இந்தக் குறையைத் தீர்க்கப் பார்க்கிறது. நோயாளிகள், அறுவை மருத்துவர்கள், மற்ற மருத்துவப் பணியாளர்கள் என்று மூன்று தரப்பையும் உட்கார வைத்து, லார்ஸ் என்றால் என்ன என்று கேட்டு உருவாக்கியது. எட்டு அறிகுறிகள், எட்டு விளைவுகள். அறிகுறியில் ஒன்றாவது இருந்து, அதனால் விளைவில் ஒன்றாவது வந்திருந்தால் லார்ஸ். விளைவுகளின் பட்டியலைப் படித்தபோது எனக்கு மாமா முகம்தான் வந்தது. கழிப்பறையைச் சுற்றியே வாழ்வது, எந்நேரமும் குடலைப் பற்றிய நினைப்பு, சமாளிப்பு உத்திகளும் விட்டுக்கொடுத்தல்களும், மனநலம், வெளி நடமாட்டம், நெருக்கமான உறவு, குடும்பத்திலும் வேலையிலும் இருக்கும் பொறுப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. டேனிஷ் தாளில் 20 வாங்கின மாமா, இந்த வரையறையில் முதல் வரியிலேயே நோயாளி ஆகிவிடுகிறார். 'சமாளிப்பு' என்பதையே நோயின் விளைவாகச் சேர்த்ததுதான் இதில் நான் மதிக்கும் விஷயம். முந்தின நாள் மத்தியானத்தோடு சோற்றை நிறுத்துவது தாளில் ஆரோக்கியமாகத் தெரிந்தது. இங்கே அது நோயாகத் தெரிகிறது.

அதற்காக இதையும் அப்படியே கொண்டாட முடியவில்லை. கேட்டது ஆங்கிலம், ஸ்பானிஷ், டேனிஷ் என்று மூன்று மொழிகளில். ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா-நியூசிலாந்து. ஆசியாவிலிருந்து ஒரு நாடு இல்லை. இருந்திருந்தால் என்ன மாறியிருக்கும்? துணி துவைக்கிறவர் பட்டியலில் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். 'உறவும் நெருக்கமும்' என்ற தலைப்பு கணவன் மனைவிக்கு நடுவில் இருப்பதைப் பேசுகிறது. இங்கே ஒரு வீட்டில் கழிப்பறை ஒன்று, காலையில் அதற்கு ஐந்து பேர். மருமகள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் மாமனார் நாலாவது தடவையாக உள்ளே போகிறார். இந்தச் சங்கடம் எந்த உறவுக்குக் கீழே வரும்? நமக்குச் சாதகமாகவும் ஒன்றிரண்டு இருக்கிறது. தண்ணீர் விட்டுக் கழுவும் பழக்கம், அடிக்கடி போய்ப் புண்ணாகும் தோலுக்குக் காகிதத்தைவிட நல்லது. குத்தவைத்து உட்காருவது முழுசாகப் போக உதவும், முழங்கால் இடம் கொடுக்கும் வரைக்கும்.

மொழிபெயர்ப்பு என்று வந்தால் இன்னும் சிக்கல். மாமாவிடம் நான் 'மலம்' என்ற சொல்லை ஒரு தடவைகூடப் பயன்படுத்தவில்லை. அது ஆஸ்பத்திரிப் பலகையில் இருக்கும் சொல். டாக்டரிடம் 'மோசன்', வீட்டில் 'வெளிய', குழந்தையிடம் 'ஆய்', கோபத்தில் வேறு ஒன்று. 'அவசரம்' என்ற சொல்லோ இங்கே ஒன்றுக்குப் போவதில் தொடங்கி ஊருக்குப் போவது வரை எல்லாவற்றுக்கும் வரும். 'அவசரமாக வருகிறதா' என்று கேட்டால் யாரும் ஆமாம் என்பார்கள், 16 விழுந்துவிடும். 'முட்டிக்கிட்டு வருதுங்களா, நிறுத்தி வெக்க முடியலீங்களா' என்று கேட்டால்தான் கேட்க வேண்டியதைக் கேட்டதாகும். 'வாரம் ஒரு தடவை' என்ற கணக்கும் மாமாவின் தலையில் இல்லை. அவர் கணக்கு நல்ல நாள், கெட்ட நாள். வரையறையில் முதல் அறிகுறியாக 'கணிக்க முடியாத, மாறி மாறி வரும் குடல் நடத்தை' இருப்பதைப் பார்த்தபோது, எங்கோ ஒரு ஸ்பானிஷ்காரரும் இதைத்தான் சொல்லியிருக்கிறார் என்று தோன்றியது.

கேட்டு என்ன பிரயோஜனம், வைத்தியம் உண்டா என்ற கேள்வி நியாயமானது. உண்டு. குடலின் வேகத்தைக் குறைக்கும் லோப்பரமைட் மாத்திரை சாதாரண மருந்துக்கடைச் சரக்கு. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் எடுக்கச் சொல்வார்கள். அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீராகப் போவதைத் திரட்டிக் கட்ட இசப்கோல் உமி உதவும், உலகத்துக்கே அது குஜராத்தின் ஊஞ்சாவிலிருந்துதான் பெருமளவு போகிறது. ஆசனவாய்த் தசைகளுக்குப் பிசியோதெரபிப் பயிற்சி உண்டு. அதிலும் அடங்காதவர்களுக்கு, தினமுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ தாங்களாகவே தண்ணீர் செலுத்திக் குடலைக் காலி செய்யும் முறை இருக்கிறது. காலி செய்துவிட்டால் அதன்பின் பல மணி நேரம் நிம்மதியாக வெளியே போய் வரலாம். கொங்குப் பக்கம் இயற்கை வைத்தியக்காரர்கள் புண்ணியத்தில் எனிமா டப்பா பலர் வீட்டில் இருக்கிறது, ஆனால் கீழே தையல் போட்ட குடலில் அதை எடுத்துச் சொந்தமாகச் சோதனை செய்யக் கூடாது. அறுவை செய்த டாக்டரைக் கேட்காமல் இதில் கை வைப்பது ஆபத்து. முதுகின் கீழ்நரம்பைத் தூண்டும் கருவியும் உண்டு. எதுவும் முடியாதவர்கள் திரும்பவும் பைக்கே போகிறார்கள், சிலர் அதற்குப் பிறகுதான் பஸ் ஏறுகிறார்கள். பை வந்தால் வாழ்க்கை போச்சு, பை போனால் வாழ்க்கை வந்தாச்சு என்ற கணக்கு எல்லாருக்கும் பொருந்துவதில்லை.

மாமாவுக்கு இதில் எதையும் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. செக்கப்பில் ஸ்கேன் பார்க்கிறார்கள், ரத்தம் பார்க்கிறார்கள், நோய் இல்லை என்கிறார்கள், 'சந்தோசமுங்க' என்று எழுந்து வந்துவிடுகிறார். உசுரைக் காப்பாற்றின டாக்டரிடம் போய்க் கக்கூஸ் கதை பேசுவது நன்றிகெட்டதனம் என்று அவருக்கு ஒரு எண்ணம். இந்த இடத்தில்தான் அரைப் பக்கத் தாள் உதவ முடியும். கேள்வி டாக்டர் பக்கமிருந்து வந்தால் பதில் சொல்வது நன்றிகெட்டதனம் ஆகாது.

டாக்டர்தான் கேட்க வேண்டும் என்றும் இல்லை. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. பிசியோதெரபியும் வலி தணிக்கும் சிகிச்சையும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. வீட்டுக்கு வருகிற அந்த அக்கா, புற்றுநோய் அறுவை முடிந்தவர் வீட்டில் இரண்டு நிமிடம் கூடுதலாக உட்கார்ந்தால் போதும். வீட்டில் கேட்டால் உள்ளேயிருந்து அத்தை குரலும் வரும்.

அவர் கையில் கொடுக்க டேனிஷ் தாளை அப்படியே தமிழாக்கிக் கொடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஐந்து கேள்விகளும் இருக்கட்டும், உலகத்தோடு ஒப்பிட அவை வேண்டும். முட்டிக்கிட்டு வருவதைப் பற்றிய கேள்விக்கு முன்னால், 'வீட்டை விட்டு வெளியூர் போனா' என்று நான்கு சொல் சேர்க்க வேண்டும். கசிவுக் கேள்வியில் 'துணியோ பேடோ வெச்சுக்கறீங்களா' என்பது வர வேண்டும். கடைசியில் எண் போடாமல் இரண்டு கேள்விகள்: 'ஊருக்குப் போகோணும்னா எத்தனை வேளை சாப்பாட்டை நிறுத்தறீங்க?', 'கடைசியா எப்பங்க பஸ் ஏறுனீங்க?' இவற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்பதை இந்தப் பக்கத்து ஆட்கள் ஒரு நூறு பேரிடமாவது கேட்ட பிறகுதான் போட முடியும்.